ஆண்டுதோறும் ஒரு ரயில்

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள். பொழுது புலராத வேளை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்று கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரைத் தாண்டிக் கல்லகத்தை நோக்கிப் போகிறது. மருதையாற்றிலே வெள்ளம். பாலம் பெயர்ந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றிலே விழுந்தன. உறங்கிக் கொண்டிருந்தவர்களில் நூற்று நாற்பது பேருக்கு மேல் பிணமாயினர்.

நாடு பதறிற்று. ஏடுகளெல்லாம் எழுதின. மத்திய ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு நடந்த பொதுத் தேர்தலிலே அரியலூரின் பெயர் தமிழ்நாட்டு மேடைகளில் ஒலித்தது. பாலத்தைப் பார்வையிட்டவர் யார், வெள்ளம் வருமென்று தெரிந்தும் ரயிலை விட்டவர் யார், செத்தவர்களுக்குப் பதில் சொல்பவர் யார் என்று மக்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம். அப்படிக் கேட்பதற்குத்தான் ஜனநாயகம் என்று பெயர்.

இன்று அதே அரியலூரையும், பக்கத்துப் பெரம்பலூரையும் வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய கணிதம் வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான்.

2011 மக்கள் கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,54,894. பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223. இரண்டும் சேர்ந்து 13 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டிலே ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14 குழந்தைகள் பிறந்தன என்று 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது. அப்படியானால் இவ்விரு மாவட்டங்களிலும் ஆண்டுக்குச் சுமார் 18 ஆயிரம் குழந்தைகள் பிறக்கின்றன. அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது: இம்மாநிலத்தில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 9 குழந்தைகள், பிறந்து 28 நாட்கள் முடிவதற்குள் இறந்து விடுகின்றன. பதினெட்டு ஆயிரத்துக்கு எத்தனை? நூற்று அறுபதைத் தாண்டுகிறது.

மாநிலச் சராசரியை இரண்டு மாவட்டங்களுக்குப் பொருத்திப் போட்ட மதிப்பீடு இது. கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம். ஆனால் இதன் பொருள் என்ன? மருதையாற்றிலே ஒரு முறை கவிழ்ந்த அந்த ரயிலுக்கு ஈடாக, ஆண்டுதோறும் ஒரு ரயில் இந்த மண்ணிலே கவிழ்கிறது என்பதே பொருள். அதிலே பயணம் செய்பவர்கள் எல்லோரும் ஒரு மாதம்கூட நிறையாத பச்சிளங்குழந்தைகள்.

யாராவது பதறினோமா? யாராவது பதவி துறந்தார்களா? பதவி துறப்பது இருக்கட்டும், யாராவது பதில் சொன்னார்களா?

பதறாததற்குக் காரணம் இருக்கிறது. ரயில் ஓரிடத்திலே, ஒரே நொடியிலே கவிழ்ந்தது. இந்தக் குழந்தைகளோ வேறு வேறு இரவுகளில், வேறு வேறு ஊர்களில் மறைகின்றன. ஒன்று வேப்பந்தட்டைப் பக்கம், ஒன்று செந்துறைப் பக்கம், ஒன்று ஆண்டிமடத்திலே, ஒன்று குன்னத்திலே. ஒரு வீட்டு அழுகை அடுத்த தெருவுக்குக் கேட்பதில்லை. பெயர்கூட வைக்காத பிள்ளை. "நமக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று பாட்டி கண்ணைத் துடைத்துக் கொள்கிறாள். அத்தோடு அந்த வழக்கு முடிந்துவிடுகிறது.

முடியக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

வளர்ச்சியை மறைக்கவில்லை

முதலிலே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாடு இந்தத் துறையிலே தூங்கிக் கொண்டிருக்கவில்லை. 1971-இல் இம்மாநிலத்திலே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலே மறைந்தன. 2020-இல் அந்த எண்ணிக்கை 13. ஆரம்ப சுகாதார நிலையங்களும், கிராம சுகாதார நர்சுகளும், தடுப்பூசியும், பிரசவ உதவித் தொகையும், 2008 முதல் ஓடுகிற 108 வண்டியும் சேர்ந்து செய்த சாதனை அது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99.6 ஆஸ்பத்திரியிலே நடக்கின்றன. உத்தரப் பிரதேசத்துக்காரர் கேட்டால் வியப்பார், நாம் பெருமைப்படலாம்.

ஆனால் பெருமைப்பட்டு முடித்த பிறகு அந்த 13-ஐப் பிரித்துப் பாருங்கள். 13-இல் 9 சாவு முதல் 28 நாட்களுக்குள்! அதாவது, ஓராண்டு வரை ஓடுகிற அபாயத்திலே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முதல் மாதத்திலேயே வந்து நிற்கிறது. அதே 2020-இல் பக்கத்துக் கேரளத்திலே 28 நாட்களுக்குள் இறந்தவை ஆயிரத்துக்கு 4. அங்கே பிறக்கும் பிள்ளைக்கு இரும்பிலே உடம்பா செய்து வைத்திருக்கிறது? இல்லை. ஆகவே 9 என்பது இயற்கை விதித்த எல்லை அல்ல. குறைக்க முடியும். குறைக்காமல் இருக்கிறோம்.

முதல் மாதச் சாவுக்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. குறைமாதத்தில், எடை குறைந்து பிறப்பது ஒன்று. பிறக்கும் வேளையில் மூச்சுத் திணறுவது மற்றொன்று. மூன்றாவது, இரத்தத்திலே கிருமி புகுந்து உடம்பெங்கும் பரவுவது. டாக்டர்கள் இதைச் செப்சிஸ் என்கிறார்கள். கிராமத்திலே "இரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது" என்கிறார்கள். இந்த மூன்றாவது காரணத்தைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம். ஏனென்றால் மூன்றிலும் நம் கையாலே, அதுவும் நேர்ப்பொருளிலேயே கையாலே, தடுக்கக் கூடியது இதுதான்.

தோஷமல்ல, கிருமி

பிறந்து நாலாம் நாள், ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிக்க மறுக்கிறது. நேற்று வரை வீறிட்டு அழுதது, இன்று முனகுகிறது. உடம்பு சில்லிட்டுப் போகிறது, அல்லது கொதிக்கிறது. துவண்டு கிடக்கிறது. உடனே வீட்டிலே என்ன சொல்கிறார்கள்? "சீர் தட்டியிருக்கிறது" என்கிறார் ஒருவர். "உரம் விழுந்திருக்கிறது, முறத்திலே போட்டு எடுக்க வேண்டும்" என்கிறார் இன்னொருவர். "யார் கண்ணோ பட்டுவிட்டது" என்று மிளகாய் சுற்றிப் போடுகிறார் மூன்றாமவர். இப்படியே ஒரு பகலும் ஓர் இரவும் கழிகின்றன. அந்த ஒரு பகலும் ஓர் இரவும்தான் குழந்தைக்கு மிச்சமிருந்த காலம்.

அந்தத் தாயையும் பாட்டியையும் நாம் பழிக்கவில்லை. அவர்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டவர்களைத்தான் பழிக்கிறோம்.

உண்மை இதுதான். நோயை எதிர்க்கும் சக்தியைத் தாயின் இரத்தம் கருவிலிருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புகிறது. அதிலே பெரும்பகுதி கடைசி மாதங்களில்தான் போய்ச் சேர்கிறது. குறைமாதத்திலே பிறந்த குழந்தை அந்தச் சீதனம் கைக்கு வருமுன்பே புறப்பட்டு வந்துவிட்ட குழந்தை. அதன் தோல் வெங்காயச் சருகு போல மெல்லியது. கிருமி நுழைய ஒரு சிறு கீறல் போதும். பிறந்த மூன்று நாட்களுக்குள் வரும் தொற்று பெரும்பாலும் பிரசவ வழியிலே தாயிடமிருந்து வருவது. பனிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆனாலோ, தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலோ அபாயம் அதிகம். மூன்று நாட்களுக்குப் பின் வருவது பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது: தொட்ட கையிலிருந்து, தொப்புளில் தடவிய சாம்பலிலிருந்து, மஞ்சளிலிருந்து, நாக்கிலே வைத்த சர்க்கரைத் தண்ணீரிலிருந்து, எண்ணெய்க் குளியலின்போது மூக்கிலே ஊதுகிற வாயிலிருந்து.

தொப்புள் கொடியிலே எதையும் தடவாதீர்கள். காய்ந்து தானே விழட்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள், அதிலேதான் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. தூக்குகிறவர் யாராயினும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தூக்கவேண்டும். சீமந்தத்துக்கு வந்த அத்தையானாலும் சரி, ஊர்த் தலைவரானாலும் சரி.

பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு அறுபது முறைக்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிவது, சூடு அல்லது சில்லிப்பு, தொட்டு எழுப்பினாலன்றி அசையாமலிருப்பது, வலிப்பு — இவற்றிலே ஒன்று கண்டாலும் உடனே 108. உரம் எடுப்பவரிடம் போகாதீர்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயும் கிருமி

இத்தோடு நிறுத்திவிட்டால், "பார்த்தீர்களா, மக்களின் அறியாமைதான் காரணம்" என்று சர்க்கார் நிம்மதியாகக் கையை உதறிவிடும். ஆகவே அடுத்ததையும் சொல்வோம்.

நூற்றுக்கு 99 பிரசவம் ஆஸ்பத்திரியிலே என்றால், குழந்தையின் முதல் மூன்று நாட்களுக்குக் காவல் யார்? ஆஸ்பத்திரி. எடை குறைந்த பிள்ளையைத் தாயிடமிருந்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியிலே வைத்து, வாரக் கணக்கில் பார்த்துக் கொள்வது யார்? ஆஸ்பத்திரி. அந்தப் பிள்ளையின் கையிலே ஊசி, மூக்கிலே குழாய், வாயிலே குழாய். ஒவ்வொன்றும் உயிர் காக்கப் போட்டது. ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்த கதவு. கைகழுவும் தொட்டியின் ஈரத்திலே, சளி உறிஞ்சும் குழாயிலே, பலமுறை ஊசி குத்தி எடுத்த மருந்துப் புட்டியிலே க்ளெப்சியெல்லா என்னும் கிருமி குடியிருக்கும். அங்கிருந்து ஒரு கையில் ஏறி, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும்.

டெல்லியில் மூன்று பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலே 2011 முதல் 2014 வரை 13,530 பச்சிளங்குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே இறந்த குழந்தைகளிலே ஏறத்தாழ நாலில் ஒன்று செப்சிஸால் இறந்தது. நம் ரயிலுக்கும் அந்த விகிதத்தையே வைத்துப் பார்த்தால், நாலு பெட்டிக்கு ஒரு பெட்டி! டெல்லி பெரிய நகரம், பெரிய ஆஸ்பத்திரி என்பார்கள். சரி, 2019 முதல் 2021 வரை நாட்டின் ஐந்து மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் இதேபோல ஆராய்ந்தார்கள். அங்கேயும் முதலிடம் க்ளெப்சியெல்லாவுக்குத்தான். இரத்தத்திலே கிருமி உறுதியான குழந்தைகளில் மூன்றிலொன்றுக்கு மேல் இறந்தன.

இதைக் கேட்டதும் நர்சு மீது பாயாதீர்கள். அதுதான் நம் நாட்டு வழக்கம்: குழந்தைகள் செத்துச் செய்தி வந்தால், இரவு வேலை பார்த்த நர்சைத் தற்காலிக நீக்கம் செய்வார்கள், விசாரணைக் கமிட்டி போடுவார்கள், மறுவாரம் மறந்துவிடுவார்கள். 2014 நவம்பரில் தர்மபுரி சர்க்கார் ஆஸ்பத்திரியிலே சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது நாடு சில நாள் பேசிற்று. பிறகு?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இப்படிப்பட்ட சிறப்புப் பிரிவுகளில் ஒவ்வொரு வேளையிலும் மூன்று நான்கு படுக்கைக்கு ஒரு நர்சு இருக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரின் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. ஒரு நர்சு நான்கு குழந்தைகளைப் பார்த்தால், ஒவ்வொரு குழந்தையைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவ முடியும். எட்டைப் பார்த்தால்? பன்னிரண்டைப் பார்த்தால்? ஒரு குழந்தை மூச்சு நின்று நீலம் பாய்ந்து கிடக்கும்போது, அடுத்த பெட்டியிலிருந்து ஓடுகிற பெண், குழாயடிக்குப் போய் நாற்பது விநாடி கை கழுவிக்கொண்டு வருவாளா, மூச்சை மீட்பாளா? அவள் மூச்சைத்தான் மீட்பாள். மீட்டது அவள், கிருமியைக் கடத்தியதும் அதே கை. இந்தக் கொடுமைக்கு அவளா பொறுப்பு? இடங்களை நிரப்பாமல் வைத்திருப்பவர்கள் அல்லவா பொறுப்பு!

வியன்னாவிலே நடந்தது

கை கழுவுவதா இவ்வளவு பெரிய விஷயம் என்று சிரிப்பவர்களுக்கு ஒரு வரலாறு.

1847-ஆம் ஆண்டு. ஐரோப்பாவிலே வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பிரசவ வார்டு இரண்டு. ஒன்றிலே மருத்துவச்சிகள், மற்றொன்றிலே டாக்டர்களும் மாணவர்களும். படித்தவர்கள் பார்த்த வார்டிலேதான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். நூற்றுக்குப் பத்துக்கு மேல் செத்த மாதங்களும் உண்டு. காற்றுச் சரியில்லை என்றார்கள். தாய்மார்களின் அச்சமே காரணம் என்றார்கள். செம்மல்வைஸ் என்ற டாக்டர் மட்டும் கூர்ந்து பார்த்தார். பிணங்களை அறுத்துப் பார்த்த மாணவர்கள் அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள்! பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரிலே கை கழுவிவிட்டு வா என்று உத்தரவிட்டார். அடுத்த ஆண்டிலே சாவு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிற்று.

அவருக்கு மாலையா போட்டார்கள்? "எங்கள் கையா அழுக்கு?" என்று பெரிய மனிதர்கள் கொதித்தெழுந்தார்கள். பதவியை இழந்தார். 1865-இல் பைத்தியக்கார விடுதியிலே இறந்தார். உண்மை வெல்லும், ஆனால் அதற்குள் எத்தனை தாய்மார் போனார்கள் என்பதுதான் கேள்வி.

மருந்து தோற்கும் காலம்

அந்தக் காலத்திலே மருந்து இல்லை. பென்சிலினை 1928-இல் பிளெமிங் கண்டறிந்தார். பிறகு மருந்து மேல் மருந்து வந்தது. இன்று ஆபத்து எதிர்த் திசையிலே வந்திருக்கிறது. மருந்து இருக்கிறது, கிருமி சாகவில்லை!

ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஆகிய இரண்டும் பச்சிளங்குழந்தையின் செப்சிஸுக்கு முதலில் போடச் சொல்லும் மருந்துகள். விலை மலிவு. இன்று ஆஸ்பத்திரிக் கிருமிகளிலே பெரும்பகுதி இவற்றைக் கண்டு அஞ்சுவதில்லை. டெல்லி ஆய்விலே கண்ட அசினெட்டோபாக்டர் கிருமிகளில் நூற்றுக்கு 82-ம், க்ளெப்சியெல்லாவில் நூற்றுக்கு 54-ம் பல மருந்துகளை ஒருங்கே எதிர்த்து நின்றவை. மருந்துக்கு அடங்காத கிருமியால் இந்தியாவிலே ஓராண்டில் 58 ஆயிரம் பச்சிளங்குழந்தைகள் இறந்திருக்கும் என்று 2013-இல் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையிலே கேட்டு வாங்கும் கிருமிக்கொல்லி, பாதியிலே நிறுத்தும் வழக்கம், கோழிப் பண்ணையிலே தீவனத்தோடு கலக்கும் மருந்து, எந்தக் கிருமி என்று தெரியாமலே எல்லாவற்றுக்குமாகப் போடும் பெரிய ஊசி ஆகிய எல்லாம் சேர்ந்து கிருமிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டன.

2010-இலே இதற்கு முதல் மணி அடித்தவர்களில் ஒருவர் நம் தமிழர். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை, கடைசிக் கட்ட மருந்துகளையும் முறிக்கும் ஒரு சக்தி சென்னை, அரியானா உள்ளிட்ட இடங்களின் கிருமிகளிலே இருப்பதை உலகுக்குச் சொன்னது. அந்தச் சக்திக்கு ஆங்கிலத்திலே புதுடெல்லியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். உடனே டெல்லியிலே என்ன நடந்தது? "எங்கள் ஊர்ப் பெயரை எப்படி வைக்கலாம்? வெளிநாட்டு நோயாளிகள் வராமல் செய்யும் சதி!" என்று கூச்சல். பெயரைப் பற்றிச் சண்டை போட்ட வேகத்திலே பாதியைக் கிருமியைப் பற்றிக் காட்டியிருந்தால் எத்தனை தொட்டில்கள் ஆடிக் கொண்டிருக்கும்!

ஒரு மில்லி இரத்தம்

மருந்து தோற்கும்போது என்ன வழி? எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்துகொண்டு அடிப்பதுதான் வழி. அதற்கு இரத்தக் கல்ச்சர் என்ற சோதனை இருக்கிறது. குழந்தையிடமிருந்து ஒரு மில்லி இரத்தம் எடுத்துப் புட்டியிலே இட்டு வளர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களிலே கிருமி முகத்தைக் காட்டிவிடும். கிருமி இல்லையென்று தெரிந்தால் ஊசியை நிறுத்தலாம். இருக்கிறது என்று தெரிந்தால் சரியான மருந்தைப் போடலாம். இந்தச் சோதனை இல்லாத ஆஸ்பத்திரியிலே டாக்டர், இருட்டிலே அம்பெய்கிறார். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம், இருட்டு இருட்டுத்தானே?

இப்போது நம் இரண்டு மாவட்டங்களுக்கு வருவோம். 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் மறுபடியும் தனியானது. ஆட்சியர் அலுவலகம் இரண்டாயிற்று, பெயர்ப்பலகை இரண்டாயிற்று. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில் அரியலூர் ஒன்று. பெரம்பலூர் அந்தப் பட்டியலிலே இல்லை.

மருத்துவக் கல்லூரி என்றால் அங்கே நுண்ணுயிரியல் துறை உண்டு. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கூடம் உண்டு. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸிலே ஒரு மணி நேரப் பயணம். நாம் கேட்பது பெரிய காரியமல்ல. இரண்டு மாவட்டங்களிலும் எந்தெந்த சர்க்கார் ஆஸ்பத்திரியிலே பச்சிளங்குழந்தைகளைச் சேர்க்கிறார்களோ, அங்கே இரவு பகலாக இயங்கும் கல்ச்சர் வசதி இல்லையென்றால், காலையும் மாலையும் ஒரு வண்டி அந்த இரத்தப் புட்டிகளை அரியலூருக்குக் கொண்டுபோகட்டும். ஜெயங்கொண்டத்துப் புட்டியும் போகட்டும், பெரம்பலூர்ப் புட்டியும் போகட்டும். புட்டிக்குக் குளிர்ப்பெட்டிகூடத் தேவையில்லை. குளிரில் வைக்கவும் கூடாது. முடிவைத் தொலைபேசியிலே சொல்லட்டும். மந்திரி வந்தால் நாற்பது வண்டி ஓடுகிற சாலையிலே, குழந்தைகளின் இரத்தத்துக்காக ஒரு வண்டி ஓடக் கூடாதா?

பணமா இல்லை?

"பணம் எங்கே?" என்பார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் வரும் பதில் அது.

மகாராஷ்டிரத்திலே கட்சிரோலி என்றொரு மாவட்டம். காடும் வறுமையும் நிறைந்த பகுதி. அங்கே டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் 1990-களிலே ஒரு காரியம் செய்தார்கள். கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீடுவீடாக அனுப்பினார்கள். குழந்தைக்குச் செப்சிஸ் அறிகுறி கண்டு, வீட்டிலேயே ஜென்டாமைசின் ஊசி போடும் அளவுக்கு அந்தப் பெண்கள் தேறினார்கள். மூன்றாண்டிலே முதல் மாதச் சாவு நூற்றுக்கு 62 குறைந்தது என்று 1999-இல் உலகுக்கு அறிவித்தார்கள். அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் 2011-இல் மத்திய சர்க்காரும் வீட்டுப் பார்வைத் திட்டம் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையையும் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டிலே போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. கோடிகள் கொட்டிய காரியமல்ல அது. மனம் இருந்தது, கணக்கு இருந்தது.

இன்னொரு மருந்து இருக்கிறது. அதற்கு விலையே இல்லை. எடை குறைந்த குழந்தையைத் தாய் தன் வெற்று மார்போடு அணைத்து வைத்துக்கொள்வது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளிலே நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது: பிறந்தவுடனேயே இப்படி அணைத்து வைத்த குழந்தைகளிடையே சாவு நாலில் ஒரு பங்கு குறைந்தது, செப்சிஸும் குறைந்தது. ஆனால் இதற்குத் தாய்க்குப் பிள்ளையின் பக்கத்திலே ஒரு கட்டில் வேண்டும். கண்ணாடிப் பெட்டி வாங்கக் கண்ட்ராக்ட் உண்டு. தாய்க்குக் கட்டில் போடக் கண்ட்ராக்டிலே சுவை இல்லை போலும்!

"எடை குறைந்து பிறந்தால் நாங்கள் என்ன செய்ய?" என்றும் கேட்பார்கள். ஏன் குறைகிறது? 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை. மக்காச்சோளக் காட்டிலே களையெடுத்து, பருத்தி பொறுக்கி, சின்ன வெங்காயம் அறுத்து, நிறைமாதம் வரை குனிந்து நிமிர்கிற பெண்ணின் வயிற்றிலே பிள்ளை எப்படிப் பெருக்கும்? பள்ளியை விட்டு நிறுத்திப் பதினாறிலே தாலி கட்டிய பெண்ணின் பிள்ளை எப்படித் தேறும்? அரியலூர் மண்ணிலே சுண்ணாம்புக்கல்லைத் தோண்டிச் சிமெண்டு ஆக்குகிறார்கள். ஊர் ஊராக மாடமாளிகை எழும்புகிறது. அந்த மண்ணிலே பிறந்த பிள்ளைக்கு எலும்பிலே சுண்ணாம்பு இல்லை!

நாம் கேட்பது

எந்தக் கட்சி கோட்டையிலே அமர்ந்திருந்தாலும் நாம் கேட்பது ஐந்து.

ஒன்று: பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலே மூன்று நான்கு படுக்கைக்கு ஒரு நர்சு என்ற விதியை எழுத்திலே அல்ல, இரவு இரண்டு மணிக்கும் நடைமுறையிலே காட்டவேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் முழங்கையாலே திறக்கும் குழாய், ஓயாத தண்ணீர், சோப்பு. தண்ணீர் நின்றால், ஆக்சிஜன் நின்றதற்கு ஈடான குற்றமாக அதைக் கருதவேண்டும்.

மூன்று: ஒவ்வொரு செப்சிஸ் குழந்தைக்கும், கிருமிக்கொல்லி ஊசி போடுமுன் ஒரு மில்லி இரத்தம் கல்ச்சருக்குப் போகவேண்டும். கூடம் இல்லாத இடத்துக்கு வண்டி.

நான்கு: ஒவ்வொரு எடை குறைந்த குழந்தையின் பக்கத்திலும் தாய்க்கு ஒரு கட்டில்.

ஐந்து: மாதந்தோறும் எத்தனை குழந்தைகள் சேர்ந்தன, எத்தனைக்குத் தொற்று வந்தது, எந்தக் கிருமி, எத்தனை இறந்தன என்ற கணக்கை ஆஸ்பத்திரி வாசலிலே பலகையில் எழுதி வைக்கவேண்டும். ஊரார் படிக்கட்டும். சட்டமன்ற உறுப்பினர் படிக்கட்டும். நர்சைத் தண்டிக்க அல்ல இந்தக் கணக்கு, மேலிருப்பவர்களைக் கேட்க.

ஐந்திலும் ஐந்தாவதுதான் முக்கியம். எண்ணாத சாவுக்கு யாரும் பொறுப்பில்லை. மருதையாற்றிலே பிணங்களை எண்ணினார்கள். எண்ணியதால் நாடு கேட்டது. கேட்டதால் ஒரு மந்திரி பதவியை விட்டார். அந்தக் குழந்தைகளையும் எண்ணுங்கள் என்கிறோம்.

தோழர்களே! நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. அடுத்த முறை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, பெரம்பலூர், அரியலூர் ஆஸ்பத்திரிக்கோ போகும்போது, கைகழுவும் குழாயைத் திருகிப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா? சோப்பு இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே, அப்போதே, கேளுங்கள். பணிவோடு கேளுங்கள், ஆனால் பதில் வரும் வரை கேளுங்கள். உங்கள் வீட்டிலே பிள்ளை பிறந்தால் முதலில் உங்கள் கையைக் கழுவிக்கொண்டு தூக்குங்கள்.

1956-இல் அந்த ரயிலிலே இருந்தவர்களுக்குப் பாலம் பெயரப் போவது தெரியாது. எந்த இடத்திலே பாலம் பெயர்கிறது என்பது இன்று நமக்குத் தெரியும். தெரிந்தும் ரயிலை விடுகிறவர்களை என்னவென்று அழைப்பது?